வலது கைக்கு அடியில் பாட்டுப்பெட்டி

எங்கள் வீட்டில் உறை போடாதது என்று பார்த்தால் நாங்கள் மூன்று பேர்தான். டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, தையல் மிஷினுக்கு உறை, பைபிளுக்கு ஜிப் வைத்த உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குக்கூட ஓரத்தில் நூல் லேஸ் வைத்த ஒரு குட்டி உறை. சித்தூரில் எங்கள் சபைக்காரர்கள் யார் வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். பெண்கள் சங்கத்தில் உட்கார்ந்து தைப்பார்கள்; அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒருத்தி தைத்ததை இன்னொருத்தி எடுத்துக்கொண்டு போவாள். அம்மா அந்தச் சங்கத்தில் பெரிய கை. ஒரு பொருள் வெறுமனே கிடப்பதைப் பார்த்தால் அவளுக்குத் தாங்காது. புதிதாக வாங்கின இஸ்திரிப் பெட்டியைக் காட்டி, "அம்மணமா கிடக்குது பாரு" என்பாள்.

அதனால் நான் டிசைன் செய்த பாட்டுப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோன அன்றைக்கே அதற்கு அளவு எடுத்துவிட்டாள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சிரித்தேன்கூட.

ரேணிகுண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. வயசானவர்களுக்கான பாட்டுப்பெட்டி செய்கிறோம். பாதிச் செங்கல் அளவு இருக்கும். பெரிய பெரிய பட்டன், உள்ளே பேட்டரி, மெமரி கார்டில் பாட்டு. திருப்பதியில் விற்பதில் பெருமாள் பாட்டு, காளஹஸ்தியில் விற்பதில் சிவன் பாட்டு, எங்கள் ஆட்களுக்கு வேத வாசிப்பும் கீர்த்தனையும். உள்ளே இருக்கும் பலகை ஒன்று, ஸ்பீக்கர் ஒன்று, சாமி மட்டும் வேறு. அந்தப் பெட்டியால் யாருக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஷாக் அடிக்கக் கூடாது, பேட்டரி உப்பக் கூடாது, கழுத்தில் மாட்டும் கயிறு எங்காவது சிக்கினால் தானாகக் கழன்றுவிட வேண்டும், பேரப்பிள்ளை கடித்தால் பட்டன் வாயோடு போய்விடக் கூடாது. வாரம் முழுக்கத் திருப்பதியில் ஒரு ஹாஸ்டலில் இருப்பேன். சனிக்கிழமை காலையில் சித்தூர் பஸ்.

நைனா, என் அப்பா, அந்தத் தடத்தில் பஸ் ஓட்டினவர். ரிட்டயர் ஆகி நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில் காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன. நாம் பேசுவதெல்லாம் புரியும், பதில்தான் வராது. இடது கையால் சைகை காட்டுவார், கண்ணால் சிரிப்பார், கோபம் வந்தால் தலையணையைத் தள்ளிவிடுவார். கோபத்தில் நான் அவர் மகள்தான். ராத்திரியில் தூக்கமில்லாமல் கிடந்து தவித்தார். பக்கத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் தூங்கினார். அதற்காகத்தான் புதுப் பெட்டி கடைக்குப் போகும் முன்பே மேனேஜரிடம் கேட்டு ஒரு சாம்பிளை வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த சனிக்கிழமை நான் உள்ளே நுழையும்போது அம்மா நைனாவுக்கு ஈரத் துணியால் உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். வலது கையைத் தூக்கினாள். மணிக்கட்டின் உள்பக்கம் ஓரிடம் சிவந்து, நடுவில் தோல் கொப்பளித்திருந்தது.

"இது இன்னாம்மா?"

"கொசு கடிச்சிருக்கும்."

"கோழி சைசுல ஒரு கொசு இருந்தாத்தான் இப்பிடிக் கடிக்கும்."

பையைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலைத் தடவிப் பார்த்தேன். போர்வைக்குள் பெட்டி அகப்பட்டது. மெரூன் வெல்வெட்டில் உறை, உள்ளே கம்பளித் துணி, சுற்றி வெள்ளை லேஸ், முன்பக்கம் 'ஸ்தோத்திரம்' என்று பூத்தையல். சார்ஜர் ஒயர் போவதற்கு மட்டும் அளவெடுத்து ஓர் ஓட்டை விட்டு, அதற்கும் காஜா எடுத்திருந்தாள். ஒயர் பிளக்கிலிருந்து வந்து நேராக வெல்வெட்டுக்குள் போனது. கையில் எடுத்தால் வெந்நீர்ப் பையைப் பிடித்தது போல இருந்தது.

"இத நைனா கைமேலயா வெச்ச?"

"கைக்கு அடியில."

"எதுக்கு?"

"ஒத்தடத்துக்குத்தான்" என்றாள், இதென்ன கேள்வி என்பது போல. "சார்ஜ் போட்டா பதமா சூடு வருது. ராத்திரி பூரா ஆறாம இருக்குது. வெந்நி வெக்கறதுக்குனு எத்தினி வாட்டி நான் எழுந்துக்கினு இருக்கிறது? ஆண்டவரே குடுத்தாப்பல இருந்திச்சி. முந்தாநாளு சுண்டுவிரல் அசைஞ்சுது. என் கண்ணால பாத்தேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இது பாட்டுப்பெட்டிம்மா, ஒத்தடப் பை இல்ல. யாரு இத வெல்வெட்ல கட்டச் சொன்னாங்க? பேட்டரி எதுனா ஆயிடுச்சினா இன்னா பண்ணுவ? உன் மூளைக்கும் உறை தெச்சு மூடி வெச்சிருக்கியா?"

தலையணை கீழே விழுந்தது. நைனா தள்ளியிருந்தார். அம்மாவைத் திட்டினால் அவருக்குப் பிடிக்காது. நான் தலையணையை எடுத்து வைத்தேன். அம்மா அந்தக் கையை மடியில் வைத்து, கொப்புளத்தைச் சுற்றி எண்ணெய் தடவினாள். தடவும்போது வலிக்கிறதா என்று நைனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவருக்கு எதுவும் தெரியவில்லை. தோல் வெந்துபோனதே அவருக்குத் தெரியவில்லை.

என் கோபத்துக்குக் கீழே வேறொன்று இருந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து நைனாவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கால் கொஞ்சம் வரலாம், பேச்சும் ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை வரலாம், அந்தக் கை மட்டும் வராதும்மா என்றார். அசைவும் வராது, உணர்ச்சியும் வராது. நான் வெளியே வந்து, "எல்லாம் சரியாயிடுமாம், நாளாவுமாம்" என்று அம்மாவிடம் சொன்னேன். அந்தக் கை எழுந்துகொள்ளும் என்கிற நம்பிக்கையில்தான் அவள் காலையில் எழுந்துகொண்டாள் என்று எனக்குப் பட்டது. இப்போது சூடு வைக்காதே என்றால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் மீதியையும் சொல்லியாக வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. "பகல்ல சமையக்கட்டுல வெச்சு சார்ஜ் போடு, ராத்திரியில ஒயர் இல்லாம வெய்யி" என்று மட்டும் சொல்லிவிட்டு சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டுபோய்ச் சமையல்கட்டில் மாட்டினேன். "சரி" என்றாள். அவள் சரி என்று சொன்னால் காதில் வாங்கிக்கொண்டாள் என்று மட்டும்தான் அர்த்தம்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போனேன். காளஹஸ்திக்காரர். தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் கலந்து வரும். "டெஸ்ட்ல பாஸ் அய்யிந்தி கதம்மா, இன்னும் இன்னா?" என்றார்.

பாஸ் ஆனது உண்மைதான். மர மேசைமேல் வைத்து, சார்ஜும் போட்டு, பாட்டும் போட்டு, எவ்வளவு சூடாகிறது என்று நானேதான் அளந்தேன். விதிமுறை சொல்லும் அளவுக்குள் இருந்தது. ஆனால் சுட்டால் மனிதன் கையை எடுத்துவிடுவான் என்று நம்பி வைத்த அளவு அது. கையை எடுக்க முடியாத மனிதன் அந்தக் கணக்கில் இல்லை. தொட்டால் இதமாக இருக்கிற சூடுகூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் தோலைப் பொசுக்கிவிடும். அதுவும் வெல்வெட்டுக்குள், கம்பளிக்குள், போர்வைக்குள், ஒரு கையின் பாரத்துக்கு அடியில். பேட்டரிப் பெட்டி என்றால் எல்லாரும் வெடிக்குமா என்றுதான் கேட்பார்கள். வெடிக்காமல், சத்தமில்லாமல், பாட்டுப் பாடிக்கொண்டே சுடும் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

"பேப்பர்ல போட்டுடலாம்மா" என்றார் மேனேஜர். "துணி சுத்தாதீங்க, படுக்கையில வெக்காதீங்கனு மூணு பாஷையில அச்சடிச்சு டப்பாவுல வெச்சிட்டா சரிபோதுந்தி." வேலை முடிந்தது என்பது போலக் கையைத் தட்டிக்கொண்டார்.

"சார், எங்கம்மா அந்தப் பேப்பர ஒரு எழுத்து விடாம படிப்பாங்க. படிச்சிட்டு, நல்லா கெட்டியா இருக்குதேனு மடிச்சு, அந்த உறைக்கு அடியிலயே அட்டையா வெச்சுத் தெச்சிடுவாங்க."

சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "எங்க அம்மாவும் சுத்தித்தான் வெச்சிருக்காங்க" என்றார். அவர் கொண்டுபோன சாம்பிள் வீட்டில் பூஜை மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். மஞ்சள் பட்டில் சுற்றி, குங்குமப் பொட்டு வைத்து, சாயங்காலத்தில் பூவும் வைக்கிறார்களாம். சாமி பாடுகிற பெட்டியை யாராவது வெறுமனே வைப்பார்களா? எங்கள் வீட்டில் வெல்வெட், அவர் வீட்டில் பட்டு. துணி சுற்றாமல் இந்த ஊரில் ஒரு பெட்டிகூட இருக்கப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. "சரேலே, செய்" என்றார்.

முதலில் எனக்குத் தோன்றியது சுலபமான வழி. உள்ளே பேட்டரிக்குப் பக்கத்தில் சூடு பார்க்கிற ஒரு சின்ன உணரியை வைத்தேன். சூடு கொஞ்சம் ஏறினால் பெட்டி தானாக அணைந்துவிடும். மேசையில் அழகாக வேலை செய்தது. அடுத்த வாரம் அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அதற்கடுத்த சனிக்கிழமை போனால் நைனா என்னைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உன் பெட்டி ராத்திரியில வாய மூடிக்கிச்சி" என்றாள் அம்மா. "நான் அசந்து தூங்கிட்டேன். அவுருக்குக் கூப்பிடத் தெரியுமா, பாவம்? காலையில பாக்கறேன், தலகாணி ஈரமா கிடக்குது. கண்ணுல இருந்து வழிஞ்சிருக்குது."

"ஒயர் போடாம வெச்சியா?"

அம்மா தலையணையைத் தட்டிப் போட்டாள். சார்ஜரை நான்தான் சமையல்கட்டில் மாட்டியிருந்தேனே, பின் எப்படி என்று பார்த்தால், கட்டிலை ஒட்டின பிளக்கில் பக்கத்து வீட்டு போன் சார்ஜர் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டிமேல் வெல்வெட் உறை, அதன்மேல் ஒரு டர்க்கித் துண்டு. "நேரா பட்டாத்தான சுடும், அதான் துண்டு சுத்தினேன்" என்றாள். துண்டு சுற்றினால் உள்ளே சூடு இன்னும் ஏறும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நான் திட்டவில்லை. தலையணை உறையில் உப்புக் கோடு காய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

ஆபத்தை நீக்குகிறேன் என்று அவருக்கு இருந்த ஒரே ஆறுதலை நிறுத்தியிருந்தேன். சூடு நிற்க வேண்டும், பாட்டு நிற்கக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை என் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மேனேஜருக்கும் எனக்கும் இடையில் சண்டை மாதிரிதான் இருந்தது. தனியாக ஒரு ஸ்டாண்ட் செய்யலாம், அதன்மேல் வைத்தால் மட்டும் சார்ஜ் ஏறட்டும், அப்போது யாரும் படுக்கையில் வைக்க மாட்டார்கள் என்றார் அவர். எங்கம்மா ஸ்டாண்டையும் சேர்த்துப் படுக்கையில் வைப்பாங்க, ஸ்டாண்டுக்குத் தனி உறையும் போடுவாங்க என்றேன் நான். பாடும்போது சார்ஜே ஏறாமல் செய்துவிடலாம் என்றார். விடியும் முன்னாடி பேட்டரி தீர்ந்து பாட்டு நின்றுவிடும் என்றேன். "மீ அம்மாவ டிசைன் டீம்ல சேத்துக்கலாமா?" என்று சலித்துக்கொண்டார். ஆனால் அதிலிருந்து யார் எதைச் சொன்னாலும் கடைசியில் அவரே, "சரி, அம்மா இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் டெஸ்ட் ரூமிலும் அதே பேச்சானது. ஒரு பையன் பெட்டியை மேலிருந்து கீழே போட்டுப் பார்ப்பான், தண்ணீர் தெளித்துப் பார்ப்பான், கடைசியில் "அம்மா டெஸ்ட் பாக்கி இருக்குது" என்பான்.

காலையில் பட்டனை அழுத்தினதும் பெட்டி முழுச் சத்தத்தில் கத்துவதும் அப்படித்தான் தெரியவந்தது. அம்மாவுக்குச் சத்தம் குறைக்கும் பட்டன் எது என்பது எப்போதும் குழப்பம். ஒருநாள் காதுக்குப் பக்கத்தில் பெட்டி திடீரென்று அலற, நைனாவின் இடது பக்கம் முழுக்கத் தூக்கிப்போட்டதாம், உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டதாம். படுத்திருக்கிறவரால் எழுந்து தள்ளியும் போக முடியாது. அதனால் எவ்வளவு சத்தத்தில் அணைத்தாலும் மறுபடி போடும்போது முணுமுணுப்பாக ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏறும்படி மாற்றினேன். இதை மட்டும் மேனேஜர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

சூட்டுக்கான வழி ஒருவழியாக அமைந்தது. சார்ஜ் ஏற்றும் சிப்தான் அதிகம் சூடாவது. அதைப் பேட்டரியை விட்டுத் தள்ளி ஓர் ஓரத்துக்குக் கொண்டுபோய், சூடு ஒரே இடத்தில் நிற்காமல் பரவ ஓர் அலுமினியத் தகடு வைத்தேன். பாடும்போது சார்ஜ் மிக மெதுவாக மட்டும் ஏறும். கொஞ்சம் வெதுவெதுப்பு வந்தால்கூடச் சார்ஜ் மட்டும் நிற்கும், பாட்டு பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். ஆறினதும் மறுபடி ஏறும். மேலோட்டில் வரப்பு மாதிரி சின்னச் சின்ன மேடுகள் வைத்தேன், துணி ஒட்டி உட்காராமல் இருக்க. ஆனால் மேசைமேல் வைத்து அளந்து பாஸ் என்று சொல்ல இந்தத் தடவை எனக்கு மனசு வரவில்லை. அம்மாவுக்கு போன் செய்தேன்.

"உன்னால எவ்ளோ தடியா தெக்க முடியுமோ அவ்ளோ தடியா பெட்டிக்கு உறை தெச்சுக் குடும்மா. நாலஞ்சு வேணும்."

"கம்பெனிக்கா?" குரலே மாறிவிட்டது. "உங்க சாருக்குப் புடிச்சிருக்குதா? பூ இன்னா கலர்ல போடறது?"

கட்டி வைத்துச் சூடு பார்க்கத்தான் கேட்கிறேன் என்று எப்படிச் சொல்வது? எந்தக் கலரா இருந்தாலும் பரவாயில்லை என்றேன். அப்புறம் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டேன். ஒரு கை அளவுக்குத் துணிப்பை வேண்டும், உள்ளே ஏதாவது அடைத்து, நைனா கையின் கனம் இருக்க வேண்டும், பெட்டிமேல் வைத்துப் பார்க்க. "சரி" என்றாள்.

சனிக்கிழமை எனக்காக ஒரு பை தயாராக இருந்தது. நீல வெல்வெட், பச்சை வெல்வெட், கம்பளி வைத்தது, பஞ்சு வைத்தது, நான் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்து மேனேஜரின் அம்மாவுக்கென்று மஞ்சள் பட்டில் ஒன்று. எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம். பட்டில் மட்டும் ஒரு தாமரை. அடியில் அந்தக் கை இருந்தது. நான் கேட்டது ஒரு பைதான். அவள் நைனாவின் கையைத் துணிமேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரியத் தைத்திருந்தாள். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் கொஞ்சம் வளைந்துபோன அந்தச் சுண்டுவிரல்கூட அப்படியே வளைந்திருந்தது. உள்ளே மணலும் தவிடும் அடைத்து, தூக்கித் தூக்கிப் பார்த்துக் கனம் சரிசெய்தாளாம். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. திருப்பதி பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் மேலே போடச் சொன்னார், நான் போடவில்லை.

டெஸ்ட் ரூமில் அம்மாவின் உறைகளில் ஒவ்வொன்றாகப் பெட்டியைப் போட்டு, துண்டு சுற்றி, போர்வை மூடி, அந்தத் துணிக் கையை மேலே வைத்து, சார்ஜர் ஒயரையும் மாட்டிப் பாட்டை ஓடவிட்டோம். சிரிக்கிறவன் ஒருத்தனும் சிரிக்கவில்லை. மறுநாள் பிரித்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் எந்தப் பக்கத்தில் தொட்டாலும் சூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. மேனேஜர் தன் உள்ளங்கையை வெகுநேரம் அதன்மேல் வைத்திருந்துவிட்டு, "அம்மா டெஸ்ட் பாஸ்" என்றார். பட்டு உறையை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு முடியவில்லை. சனிக்கிழமை வீட்டுக்குப் போக வேண்டுமே. ஆறிப்போன பெட்டியை அம்மா கையில் கொடுக்க வேண்டுமே.

அன்று மத்தியானம் பெட்டியை நானே சார்ஜில் போட்டு, நானே உறை மாட்டி, நைனாவின் வலது கைக்கு அடியில் வைத்தேன். அவள் வைப்பது போலவே வைத்தேன். கீர்த்தனை மெல்ல ஆரம்பித்து ஏறியது. நைனா கண்ணால் சிரித்தார். அம்மா கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வெயில் சாயும் நேரத்துக்கு எழுந்து வந்து போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"சூடு வரலியே. ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லம்மா. இனிமே வராது. அப்பிடித்தான் செஞ்சிருக்கோம்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். போய் மறுபடி மொச்சைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நானும் போய் எதிரில் உட்கார்ந்தேன். நைனாவுக்குக் கேட்காத குரலில், இத்தனை நாளாகத் தொண்டைக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அம்மா, அந்தக் கை வராதும்மா. டாக்டரு அப்பவே என்கிட்ட சொல்லிட்டாரு. நான்தான் உன்கிட்ட மறைச்சிட்டேன். ஒத்தடம் குடுத்தாலும் வராது."

அவள் ஒரு காயை உரித்து முடித்தாள். "தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"என்கிட்டயும்தான் சொன்னாரு. நீ தாங்க மாட்டனுதான் நான் உன்கிட்ட சொல்லல. சின்னதுல இருந்து நைனா நைனானு சுத்திக்கினு இருந்தவ நீ."

எனக்குக் கோபம் வந்தது. "பின்ன எதுக்கும்மா? சுண்டுவிரல் அசைஞ்சுதுன்ன. கை வராதுனு தெரிஞ்சும் எதுக்கு அந்தச் சூட்ட வெச்சுக்கினு இருந்த?"

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவுரு கையப் புடிச்சிக்கினுதான் தூங்குவேன். டிரைவர் கை, எப்பவும் சூடா இருக்கும். ராத்திரி டூட்டினா எனக்குத் தூக்கமே வராது. இப்ப பக்கத்துலதான் இருக்காரு, கைய எடுத்துப் புடிச்சா ஜில்லுனு இருக்குது. தூக்கத்துல அது என் கைமேல பட்டா பகீர்னு எழுந்துக்கறேன். போயிட்டாரோனு மூக்குகிட்ட விரல வெச்சுப் பாக்கறேன். மூச்சு வருதுனு படுத்தா, திரும்பியும் ஜில்லுனு படுது, திரும்பியும் எழுந்துக்கறேன். தெனமும் இதான். அந்தப் பெட்டிய அடியில வெச்சா கை சூடா இருந்திச்சி. அதப் புடிச்சிக்கினு தூங்கிடுவேன். விரலு அசைஞ்சுதுன்னது பொய்தான். நீ திட்டுவியேனுதான் சொன்னேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அழுதேன். மறைக்கவெல்லாம் இல்லை, அவள் முன்னாலேயே அழுதேன். பெட்டியால் என்னென்ன ஆபத்து வரும் என்று இத்தனை வாரம் உட்கார்ந்து யோசித்தவள் நான். இந்த வீட்டில் ஒருத்தி தினமும் செத்துச் செத்துப் பிழைக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எழுந்து நைனாவின் அறை வாசலில் போய் நின்றேன். கட்டிலை அப்படிப் போடச் சொன்னது நான்தான். நல்ல கை சுவர்ப் பக்கம் இருக்கட்டும் என்று சொல்லி, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஓர் இரும்புக் கம்பியும் அடித்துக் கொடுத்தேன். அவர் உருண்டு விழாமல் இருக்க அதுதான் சரி என்று எல்லாரும் பாராட்டினார்கள். அம்மாவின் கட்டில் அவருக்கு வலது பக்கம், கொஞ்சம் இடைவெளி விட்டு. அவள் கைக்கு எட்டுவது அந்தக் குளிர்ந்த கை மட்டும்தான்.

"நைனா, தலைய இந்தப் பக்கம் மாத்திக்கலாமா?" என்று கேட்டேன். காலடிப் பக்கத்தைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், வாசலில் வந்து நின்ற அம்மாவைப் பார்த்தார், கண்ணை மூடித் திறந்தார். சரி என்று அர்த்தம்.

அம்மா அவர் தோளைப் பிடிக்க, நான் காலைப் பிடிக்க, தலையணையைக் கால்பக்கம் போட்டு அவரை மெதுவாகத் திருப்பிப் படுக்க வைத்தோம். வலது பக்கம் இப்போது சுவரோடு போனது. அம்மாவின் கட்டிலை இழுத்து இடது பக்கத்தில் ஒட்டிப் போட்டு, இரண்டின் கால்களையும் பழைய புடவையால் சேர்த்துக் கட்டினேன். ஆட்டிப் பார்த்தேன். நகரவில்லை.

"கம்பி அந்தப் பக்கம் இருக்குதே" என்றாள் அம்மா. "இனிமே எதப் புடிச்சிக்குவாரு?"

"உன்னத்தான்."

"போடி" என்றாள். ஆனால் தன் கட்டிலில் ஏறி, ஓரமாக, நைனாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நைனாவின் இடது கை போர்வைமேல் கொஞ்சம் தடவித் தேடியது. அவள் மணிக்கட்டு கிடைத்தது. கியரைப் பிடிப்பது போலக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் கையை எடுக்கப் பார்த்தாள், அவர் விடவில்லை. வளையல் அழுந்தியது. அம்மா அந்தக் கையை இன்னொரு கையால் மூடி, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு குனிந்து, மருமகளாக வந்த புதிதில் பேசியிருப்பாளே அந்தக் குரலில், அவரைக் கேட்டாள்:

"இத்தினி நாளு செவுத்துக்கா சூடு குடுத்துக்கினு இருந்தீங்க?"